அப்பாவுக்குப் பக்கவாதம்: ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை ஆறாம் நாளே தொடங்கலாமா, இரண்டு வாரம் பொறுக்க வேண்டுமா?

கோவில்பட்டி மகள்:

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நாளைக் காலை பத்து மணிக்கு டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார். அதற்குள் எனக்கு ஒரு தெளிவு வேண்டும். கொஞ்சம் நீளமாக இருந்தாலும் முழுதும் படியுங்கள்.

அப்பாவுக்கு 66 வயது. முப்பது வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதியவர். பிரஷர் உண்டு, சர்க்கரை கிடையாது. போன ஞாயிறு காலை 5.30க்கு வாசலில் பால்காரரோடு பேசிவிட்டு உள்ளே வந்தார். 5.50 இருக்கும், அடுப்படிப் பக்கம் பாத்திரம் விழுந்த சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். வாய் ஒரு பக்கம் இழுத்துவிட்டது, இடது கை தூக்க வரவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா, "நெஞ்சுவலின்னா ஆரம்ப சுகாதார நிலையத்துல கை நிறைய மாத்திரை குடுக்கிறாங்கல்ல, அதுல ஆஸ்பிரினும் உண்டு, உடனே குடு" என்று சொல்லி டம்ளரில் கரைத்தும் விட்டார்கள். அப்பாவால் விழுங்க முடியவில்லை, எல்லாம் வாயோரம் வழிந்துவிட்டது.

முதலில் ஊரிலேயே ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஸ்கேன் எடுக்க வசதி இல்லை. அதைச் சொல்லாமல் குளுக்கோஸ் ஏற்றி, பிரஷர் பார்த்து, 45 நிமிஷம் வைத்திருந்த பிறகுதான் "திருநெல்வேலி போய்விடுங்கள்" என்றார்கள். நான் எல்லா நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்திருக்கிறேன். திருநெல்வேலி வந்து சேர்ந்தது 8.05. ஸ்கேன் 8.20. பிரஷர் 190க்கு மேல் இருந்ததால் அதைக் கொஞ்சம் குறைத்துவிட்டு 8.40க்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். எடை மட்டும் கேட்டார்கள், 62 கிலோ என்றேன். கண் மூடித் திறப்பதற்குள் ஊசி முடிந்துவிட்டது. ஆனால் அடுத்த படுக்கையில் இருந்த பெரியவருக்கும் இதே நோய்தான், அவருக்கு ஒரு மணி நேரம் மெஷினில் மருந்து ஓடியது. எங்களுக்கு மலிவான ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டார்களோ என்று அம்மா இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறார்.

அப்பாவுக்கு இப்போது கை மடக்க வருகிறது, பேச்சு குழறினாலும் புரிகிறது. இரண்டாம் நாள் மானிட்டரில் இதயத் துடிப்பு ஒழுங்கில்லை என்று பார்த்து ஈசிஜி எடுத்தார்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று எழுதியிருக்கிறார்கள். இதயத்தின் மேல் அறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி, அது மூளைக்குப் போய் அடைத்திருக்கிறது என்று விளக்கினார்கள். அதனால் ரத்தம் உறையாமல் இருக்க அபிக்ஸாபன் என்ற மாத்திரையை நாளை, அதாவது ஆறாம் நாள், தொடங்கப் போகிறார்களாம்.

இதில்தான் குழப்பம். என் சித்தப்பா மகன் டாக்டர், வெளியூரில் இருக்கிறார். போனில் கேட்டதும், "அவசரப்படாதே, 12 நாளாவது போகட்டும், இப்போதே கொடுத்தால் மூளையில் ரத்தம் கசியும்" என்றார். அவர் எங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார். இங்கே இருக்கும் டாக்டரும் பொறுமையானவர், "சந்தேகம் இருந்தால் காலையில் கேளுங்கள்" என்றார். என்ன கேட்பது என்றே எனக்குத் தெரியவில்லை. இந்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். அந்த ஊசி விஷயமும், ஆஸ்பிரின் கரைத்தது தப்பா என்பதும் தெரிந்தால் நல்லது. அந்த அக்கா அழுதுகொண்டே இருக்கிறார்கள்.

கோவை வார்டு சிஸ்டர்:

தங்கச்சி, முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், அப்பாவுக்குப் போட்டது மலிவானது என்பதற்காகப் போட்டதல்ல. நான் பக்கவாத வார்டில் 11 வருஷமாக இருக்கிறேன், இரண்டு மருந்தையும் என் கையால் கொடுத்திருக்கிறேன்.

ஒரு மணி நேரம் ஓடியது ஆல்டிபிளேஸாக இருக்கும். 1995இல் அமெரிக்க ஆய்வு ஒன்று வந்த பிறகு உலகம் முழுக்கக் கொடுத்துவந்த மருந்து அது. மொத்த அளவில் பத்தில் ஒரு பங்கை முதலில் நேராகச் செலுத்திவிட்டு, மீதியை ஒரு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். அப்பாவுக்குப் போட்டது டெனெக்டிபிளேஸ் என்று நினைக்கிறேன். அது ரத்தத்தில் அதிக நேரம் தங்கும், அதனால் ஒரே ஊசியில் சில நொடிகளில் முடிந்துவிடும். மாரடைப்புக்கு ரொம்ப வருஷமாகவே இருக்கிறது. பக்கவாதத்துக்கு இரண்டையும் ஒப்பிட்டுக் கனடாவில் ஏறத்தாழ 1,600 பேரிடம் ஆய்வு செய்து 2022இல் வெளியிட்டார்கள், பழைய மருந்துக்கு இது குறைந்ததில்லை என்று வந்தது. சீனாவிலும் அடுத்த வருஷம் அதே முடிவு. அமெரிக்காவில் பக்கவாதத்துக்கு அனுமதி கிடைத்தது 2025 மார்ச்சில்தான். நம் நாட்டில் அதற்கு முன்பே கொடுத்துக்கொண்டிருந்தோம்.

எங்களுக்கு இது பெரிய நிம்மதி. முன்பெல்லாம் நோயாளியை இன்னொரு ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டி வந்தால் மெஷினோடு ஆம்புலன்ஸில் ஏற்றுவோம். பள்ளத்தில் வண்டி குதித்தால் மருந்து நின்றுவிடும், அலாரம் அடிக்கும். இப்போது ஊசியைப் போட்டுவிட்டு வண்டியை அனுப்பிவிடலாம்.

கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் ஊசி போட வேண்டும் என்பதுதான் வழக்கமான கணக்கு. அப்பா பால்காரரோடு பேசிய 5.30ஐ நீங்கள் சொன்னீர்களே, அதுதான் சரியான நேரம். விழுந்த சத்தம் கேட்ட நேரமல்ல. பல வீடுகளில் "இப்பத்தான்" என்பார்கள், விசாரித்தால் ராத்திரி தூங்கப் போனபோதுதான் நன்றாக இருந்திருப்பார். அப்பாவுக்கு 3 மணி 10 நிமிஷம் ஆகியிருக்கிறது. மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைத்திருந்தால் தொடை வழியாகக் கம்பி விட்டுக் கட்டியை எடுப்பார்கள். 2015இல் வந்த ஐந்து ஆய்வுகளுக்குப் பிறகு அது நிலைபெற்றது. 2018இல் வந்த ஆய்வுகள், ஸ்கேனில் பிழைக்கக்கூடிய மூளைப் பகுதி தெரிந்தால் 24 மணி நேரம் வரைகூட எடுக்கலாம் என்று காட்டின. அதனால் "நேரம் கடந்துபோச்சு" என்று யாரும் வீட்டில் படுக்கவைத்துவிடாதீர்கள்.

அந்த அக்காவிடம் அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர் சொன்ன மாத்திரை நிஜம்தான். 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் மாரடைப்பு என்று சந்தேகப்பட்டால் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் சேர்த்துக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். நெஞ்சுக்கு அது உயிர் காக்கும். மூளைக்கு அப்படிச் செய்யக் கூடாது. வாய் கோணி, கை விழுந்தால் அது அடைப்பா, குழாய் வெடித்த ரத்தக்கசிவா என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. சிடி ஸ்கேன்தான் சொல்லும். கசிவு இருப்பவருக்கு ஆஸ்பிரின் போனால் விபரீதம். அதோடு விழுங்கும் தசையும் விழுந்திருக்கும், கொடுக்கும் தண்ணீர் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும். வழிந்துபோனது நல்லதாயிற்று.

முதல் ஆஸ்பத்திரியில் போன 45 நிமிஷம் எனக்கு மனசு ஆறவில்லை. அடைப்பு இருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று ஒரு கணக்கு உண்டு. 108க்குப் போன் செய்யும்போதே "பக்கவாதம், சிடி இருக்கும் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்" என்று சொல்லிவிட வேண்டும். இதைப் படிக்கும் எல்லோரும் வீட்டில் ஒரு தடவை பேசி வையுங்கள்.

மாத்திரை எப்போது தொடங்குவது என்பது டாக்டர்கள் விஷயம், தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

லண்டன் மருந்தகம்:

வணக்கம் தங்கச்சி. நான் யாழ்ப்பாணம், இருபது வருஷமாக இங்கே ஒரு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. எங்கட ஊரில் இதைப் பாரிசவாதம் என்போம். என்ர மாமாவுக்கும் இதே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனால்தான் வந்தது. அவருக்கு அந்தக் காலத்தில் இரண்டு கிழமை பொறுத்துத்தான் குளிசை தொடங்கினார்கள். பத்தாம் நாள் இரண்டாவது அடைப்பு வந்து அவர் எழும்பவேயில்லை. அதனால் இந்தக் கேள்வியை நான் விட்டுவிட்டுப் போக மாட்டன்.

உங்கட அண்ணா சொன்னது பிழையில்லை, அது பழைய கணக்கு. 1-3-6-12 என்று எங்களுக்கும் படிப்பித்தார்கள். வந்த மாதிரியே போன சின்ன அறிகுறி என்றால் முதல் நாள், சிறிய அடைப்பென்றால் மூன்றாம் நாள், நடுத்தரமென்றால் ஆறாம் நாள், பெரிதென்றால் 12 நாள் கழித்து. பெரிய ஆய்வு எதுவும் இல்லாமல், அனுபவத்தில் வைத்த கணக்கு அது. காரணம் நியாயமானது. இறந்துபோன மூளைப் பகுதியில் குழாய்கள் பலவீனமாக இருக்கும், அந்த நேரம் ரத்தத்தை இளக்கினால் கசியலாம் என்ற பயம். மற்றப் பக்கம், பொறுத்துக்கொண்டிருக்கும் நாட்களில் இதயத்தில் இன்னொரு கட்டி சேரலாம். இரண்டு பயத்துக்கும் நடுவில் எது பெரிதென்று யாரும் அளந்து பார்க்கவில்லை.

அதை அளந்தது அண்மையில்தான். 2023இல் எலான் என்ற ஆய்வு வந்தது. 15 நாடுகள், இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆட்கள். ஸ்கானில் தெரியும் அளவைப் பார்த்து, சிறிய, நடுத்தர அடைப்பென்றால் 48 மணி நேரத்துக்குள்ளும், பெரிதென்றால் ஆறாம் ஏழாம் நாளிலும் ஒரு பகுதியினருக்குத் தொடங்கினார்கள். மற்றவர்களுக்கு வழக்கம்போல் பிந்தித் தொடங்கினார்கள். 30 நாளில் திரும்ப அடைப்பு, பெரிய ரத்தக்கசிவு, இதய, ரத்தக்குழாய் நோயால் இறப்பு எல்லாம் சேர்த்துப் பார்த்தால், முந்தித் தொடங்கியவர்களில் 2.9 சதவீதம், பிந்தித் தொடங்கியவர்களில் 4.1 சதவீதம். அறிகுறியோடு மூளைக்குள் கசிந்தது இரண்டு பக்கமும் 0.2 சதவீதம்தான். எல்லாரும் பயந்த கசிவு கூடவில்லை.

அடுத்தது 2024இல் ஆப்டிமாஸ். இங்கே பிரித்தானியாவிலேயே 100 ஆஸ்பத்திரிகளில் 3,600 பேரளவில் செய்தார்கள். நாலு நாளுக்குள் தொடங்கியவர்களும் 7 முதல் 14 நாளுக்குள் தொடங்கியவர்களும் ஒரே மாதிரி, திரும்ப அடைப்போ கசிவோ வந்தது இரண்டு பக்கமும் 3.3 சதவீதம். கசிவிலும் வித்தியாசமில்லை. பிறகு 2025இல் இந்த இரண்டோடு இன்னும் இரண்டு ஆய்வைச் சேர்த்து, மொத்தம் 5,400க்கு மேல் ஆட்களின் கணக்கை ஒன்றாகப் பார்த்தார்கள். நாலு நாளுக்குள் தொடங்கினால் 30 நாளில் திரும்ப அடைப்போ கசிவோ வந்தது 2.1 சதவீதம், பிந்தினால் 3.0 சதவீதம். இப்ப இங்கே எங்கட வார்டில் யாரும் 12 நாள் பொறுக்கச் சொல்லிக் கேட்டு நாளாச்சு.

ஆனபடியால் ஆறாம் நாள் என்பது அவசரமில்லை. இந்தக் கணக்கில் பார்த்தால் அது ஆறுதலான நாள்தான். ஆனால் என்ர சொல்லைப் பிடித்துக்கொண்டு போய்ச் சண்டை போடாதேங்கோ. நாளைக்கு டாக்டரிடம் இதைக் கேளுங்கள்: அடைப்பு ஸ்கானில் எவ்வளவு பெரிது? ஊசி போட்ட பிறகு எடுத்த ஸ்கானில் கசிவு ஏதும் தெரிந்ததா? கசிந்திருந்தால் கதை வேறு. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது, கிரியாட்டினின் எவ்வளவு? இப்ப ஆஸ்பிரின் குடுக்கிறார்கள் என்றால், அபிக்ஸாபன் தொடங்கினதும் அதை நிறுத்துவார்களா? இரண்டும் தேவையில்லாமல் சேர்ந்து ஓடினால் கசிவுதான் கூடும். வீட்டுக்கு வந்தபிறகு பழைய சீட்டையும் புதுச் சீட்டையும் வைத்துக்கொண்டு இரண்டையும் குடுக்கிற ஆட்களை நான் கிழமைக்கு ஒருவராவது பார்க்கிறேன்.

பட்டுக்கோட்டை மகன்:

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் ஒரு கேள்வி விட்டுப்போய்விட்டது. எக்கோ, அதாவது இதயத்துக்கான ஸ்கேன், எடுத்தார்களா? வால்வு எப்படி இருக்கிறது?

என் அம்மாவுக்குச் சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து இதயத்தில் மைட்ரல் என்ற வால்வு சுருங்கிவிட்டது. அதனால் இதே துடிப்புக் கோளாறு. பத்து வருஷமாக ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் என்ற பழைய மாத்திரையைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாதம் ஒரு முறை தஞ்சாவூர் போய் ரத்தம் உறையும் அளவைச் சொல்லும் ஐஎன்ஆர் பரிசோதனை பார்க்க வேண்டும், கீரையை ஒரே அளவில் சாப்பிட வேண்டும், பல் பிடுங்கப் போனால்கூட முன்கூட்டியே சொல்ல வேண்டும். அலைச்சலைப் பார்த்து ஒரு கிளினிக்கில் "பரிசோதனையே வேண்டாம், புது மாத்திரை வந்திருக்கிறது" என்று மாற்றிக்கொடுத்தார்கள். நாங்களும் சந்தோஷமாக வாங்கிவந்தோம். நாலு மாதத்தில் அம்மாவுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. அந்த மாத்திரையால்தான் வந்தது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பிறகு பார்த்த இதய டாக்டர் எங்களை உட்காரவைத்து ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னார்.

இன்விக்டஸ் என்று பெயர், 2022இல் வந்தது. ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா என்று 24 நாடுகளில், என் அம்மா மாதிரி மூட்டுக் காய்ச்சலால் வால்வு கெட்டு இந்தத் துடிப்புக் கோளாறும் உள்ள 4,500 பேருக்கு மேல் பார்த்தார்கள். பாதிப் பேருக்குப் புது வகையான ரிவரோக்ஸாபன், பாதிப் பேருக்கு வார்ஃபரின் வகையைச் சேர்ந்த பழைய மாத்திரை. புதியது ஜெயிக்கும் என்று நினைத்திருப்பார்கள். நடந்தது நேர் எதிர். பழைய மாத்திரை சாப்பிட்டவர்கள்தான் குறைவாக இறந்தார்கள், அதற்காகக் கசிவு கூடவும் இல்லை. இந்த நோய் நம்மைப் போன்ற ஊர்களில்தான் இன்னும் நிறைய இருக்கிறது, அதனால் இதை நாம்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இப்படி மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தாலோ, உலோக வால்வு வைத்திருந்தாலோ அபிக்ஸாபன் வகை சரிவராது. லண்டன் அக்கா சொன்ன ஆய்வுகளும் அந்த மாதிரி ஆட்களுக்கானவை அல்ல.

உங்கள் அப்பாவுக்குப் பிரஷரால் வந்த கோளாறாகத்தான் இருக்கும். இருந்தாலும் கேட்டுவிடுங்கள் அக்கா. நான் அன்றைக்குக் கேட்கவில்லை.

பிசியோ, சேலம்:

மாத்திரை பற்றி நான் பேசவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். சொந்தக்காரர்கள் வந்து "எழுப்பி நடக்க வையுங்க, படுத்தே கிடந்தா கை கால் செத்துப்போகும்" என்பார்கள். முதல் 24 மணி நேரத்திலேயே அடிக்கடி, அதிக நேரம் எழுப்பி நடக்கவைத்துப் பார்த்த ஆவர்ட் ஆய்வு 2015இல் வந்தது, 2,100 பேருக்கு மேல். நன்றாகத் தேறியவர்கள் அந்தப் பக்கம்தான் குறைவு. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, பிசியோ சொன்ன அளவில் செய்யுங்கள். விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள் மூட்டு நழுவிவிடும். இதனால் வரும் தோள்வலிக்கு நான் மாதக்கணக்கில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்குப் போனதும் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிவு செய்யுங்கள். பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும், இயன்முறை சிகிச்சைக்கும் ஆள் வருவார்கள். அதை விட்டு, வீட்டு ஆட்களுக்கு இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தால் போதும் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 பேரிடம் குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள், 2017இல் முடிவு வந்தது. வழக்கமான சிகிச்சையைவிட அதில் கூடுதல் பலன் இல்லை. உங்கள் அன்பு வேண்டும், அதோடு தெரிந்த ஆளும் வேண்டும்.

கோவில்பட்டி மகள்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு இரண்டு மணி வரை இதைத் திரும்பத் திரும்பப் படித்துக் கேள்விகளை நோட்டில் எழுதினேன்.

காலையில் டாக்டரிடம் நோட்டையே நீட்டிவிட்டேன். அவர் கோபப்படவில்லை, நின்று ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். அடைப்பு நடுத்தரத்துக்கும் கீழ்தான். மறுநாள் எடுத்த ஸ்கேனில் கசிவு இல்லை, அந்தப் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். கிரியாட்டினின் 1.0. ஆஸ்பிரினை இன்றோடு நிறுத்துகிறார்கள், சீட்டில் பெரிதாக அடித்து எழுதிக்கொடுக்கச் சொன்னேன், எழுதினார்.

பட்டுக்கோட்டைத் தம்பி, எக்கோ மூன்றாம் நாளே எடுத்திருக்கிறார்கள், எங்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை. வால்வு சுருங்கவில்லை, மேல் அறை கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது, அது பிரஷரால் என்றார். நீங்கள் கேட்டதை அப்படியே கேட்டேன். "இதை யார் சொன்னது, நல்ல கேள்வி" என்றார். உங்கள் அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று சொல்லவே இல்லையே.

லண்டன் அக்கா எழுதியதை அண்ணனுக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரம் பதில் இல்லை. அப்புறம் போன் பண்ணி, தானும் தேடிப் படித்துவிட்டதாகவும் தாராளமாகத் தொடங்கலாம் என்றும் சொன்னார். இரவு எட்டு மணிக்கு முதல் மாத்திரை கொடுத்தாயிற்று. காலை எட்டு, இரவு எட்டு, ஒரு வேளைகூட விடக் கூடாது என்றார்கள். என் போனிலும் மதினி போனிலும் அலாரம் வைத்திருக்கிறோம்.

சிஸ்டர் அக்கா, அம்மாவுக்கு ஊசி பற்றி நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன். பள்ளத்தில் வண்டி குதித்த கதையைக் கேட்டதும்தான் நம்பினார். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். திருநெல்வேலியில் ராத்திரி பகல் சிடி எடுக்கும் இரண்டு இடத்து நம்பரை அவர்களே விசாரித்து எழுதி எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

விழுங்கும் பரிசோதனையில் அப்பா இன்று தேறிவிட்டார். கெட்டியான கூழ்தான் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், காபி இன்னும் கிடையாது. அதற்குத்தான் இப்போது என்னிடம் கோபமாக இருக்கிறார்.